கல்லுக்கு எவ்வளவு வெளிச்சம்

குன்னூர் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி எனக்குச் சொன்ன முதல் வேலை, "அம்மணி, உள்ள போயி கல்லுக்கு லைட்டப் போட்டுட்டு வந்துரு" என்பதுதான்.

கல் என்று யாரையோ சுருக்கிக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கல்யாணியாக இருக்கலாம். படம் எடுக்கிற அறைக்குள் போய்ப் பார்த்தேன். கறுப்புத் துணி போர்த்திய கேமரா நின்றது. ஏரியும் படகும் வரைந்த திரை தொங்கியது. ஒரு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி, சுவரோரம் துணி மூடிய பெரிய பெட்டி. ஆள் யாரும் இல்லை. திரும்பி வந்து, "அங்க யாரும் இல்லீங்களே முதலாளி" என்றேன்.

படம் வாங்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. எழுந்து வந்து பெட்டியின் துணியை விலக்கி சுவிட்சைத் தட்டினார். அது பெட்டி இல்லை, இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி. உள்ளே தண்ணீர். ஒரு சின்ன மிஷின் விடாமல் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அடியில் பழுப்பு நிறத்தில் சில கற்கள் கிடந்தன. ஒன்று கிளைகிளையாக மான் கொம்பு போல, ஒன்று உருண்டையாக, ஒன்று சுருங்கிய கோசு போல.

"நாம காப்பி குடிக்கறதுக்கு முன்னால இதுங்க வெளிச்சம் குடிக்கோணுமாமா. என்ற சம்சாரத்தோட உத்தரவு" என்றார்.

நான் தலையாட்டினேன். ஒன்றும் புரியவில்லை. அப்போதெல்லாம் எனக்கு எதுவுமே புரிந்ததில்லை என்பதால் அது பெரிய விஷயமாகப் படவில்லை.

நாங்கள் கப்பலில் வந்து இறங்கி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. தலைமன்னாரில் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அங்கிருந்து நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கோத்தகிரி ரோட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. எனக்கும் கொழுந்து கிள்ளத் தெரியும், ஆனால் கை ஓடாது. பண்டாரவளையில் ஒரு படக்கடையில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் போடப் பழகியிருந்தேன். குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, கன்னத்துக்கு ரோஸ், சேலைக்குப் பச்சை, நகைக்கு மஞ்சள் என்று தடவுகிற வேலை. எங்களைப் போல் திரும்பி வந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அட்டைக்குக் குடும்பப் படம் எடுக்க இந்த ஸ்டுடியோவுக்கு வந்தபோது, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் உதட்டுச் சிவப்பு கன்னம் வரை வழிந்திருந்ததை அப்பா பார்த்துவிட்டார். "இதவிட எங்க மக நல்லா போடுவா" என்று சத்தமாகவே சொன்னார். எனக்கு மானம் போயிற்று. முதலாளி கோபப்படாமல் ஒரு படத்தையும் பஞ்சையும் என் முன்னால் வைத்தார். வேலை கிடைத்தது அப்படித்தான்.

அன்று சாயங்காலம் முதலாளியின் மனைவி வந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் பாடம் எடுப்பவர். எல்லோரும் டீச்சர் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். தூத்துக்குடியில் பிறந்து, கல்யாணமாகி மலைக்கு வந்தவர். குடையைச் சாத்தி வைத்ததும் நேரே தொட்டியிடம் போய்க் குனிந்துகொண்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"நீதான் லைட்டுப் போட்ட பிள்ளையா? இது என்னன்னு தெரியுமா?"

"கல்லுங்க."

"கல்லு இல்ல பிள்ள, உசிரு. பவளம்னு கேட்டிருக்கியா?"

பவளம் என்றால் கழுத்தில் போடுகிற சிவப்பு மணி. அதைச் சொன்னேன்.

"அது வேற ஜாதி. இது எங்க கடல்ல பார்ல வளருது. பார்னா கடலுக்கடியில இருக்கிற பாறை. அந்தப் பாறையைக் கட்டுனதே இந்தப் பூச்சிதான். இத்துனூண்டு பூச்சி. அதோட சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத செடி குடியிருக்கு. அந்தச் செடி வெளிச்சத்தை வெச்சுச் சோறாக்கி, பூச்சிக்கும் குடுக்கும். வெளிச்சம் இல்லன்னா செடி இல்ல, செடி இல்லன்னா பூச்சி இல்ல."

"அப்ப இது செடிங்களா, மிருகங்களா டீச்சர்?"

"மிருகம். உள்ள செடி. அடியில கல்லு."

"எனக்கு விளங்கலிங்க டீச்சர்."

முன்பக்கத்திலிருந்து முதலாளி கத்தினார். "வெளக்கு வெக்கற நேரத்துல வெளங்கலைன்னு சொல்லாத அம்மணி!"

நான் பயந்துபோனேன். எங்கள் பக்கத்தில் விளங்குவது என்றால் புரிவது. இந்த ஊரில் அது உருப்படுவது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கடை உருப்படாது என்று சாபம் விட்டதாக ஆகிவிட்டது. டீச்சர்தான் சிரித்துக்கொண்டே இரண்டு பேருக்கும் எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்று புரியாவிட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன். புரியவில்லை என்கிற சொல் நாக்கில் வருவதற்கு ரொம்ப நாள் பிடித்தது.

கடை சாத்துகிற நேரத்தில் டீச்சர் லைட்டை அணைத்து, கொஞ்சம் பொறுத்து, ஒரு டார்ச் மேல் சிவப்புத் துணியைச் சுற்றித் தொட்டியில் காட்டினார். உருண்டைக் கல் முழுக்க மயிர் முளைத்திருந்தது. கூனி இறாலை நசுக்கிக் கரைத்து ஒரு சொட்டு விட்டார். மயிர்கள் வளைந்து அதைப் பிடித்து உள்ளே இழுத்தன. எனக்கு உடம்பு கூசியது. வெளிச்சத்தில் செடி, இருட்டில் மிருகம். மறுநாள் காலையில் சுவிட்சைப் போடும்போது கையை எட்டவே வைத்துக்கொண்டேன்.

டீச்சருக்கு இது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். வருஷா வருஷம் பவளத்தைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்துவாராம். ஒரு மாணவி எழுந்து, உயிரோடு பார்த்திருக்கிறீர்களா டீச்சர் என்று கேட்டாளாம். கடற்கரையில் பிறந்தவர் இவர். ஆனால் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போக வண்டியில் குவித்த கல்லைத்தான் பார்த்திருந்தார். "செத்ததைத்தான் பாத்திருக்கேன்னு சொல்ல எனக்கு வெக்கமாப் போச்சு" என்றார். அவருடைய அண்ணனுக்குச் சொந்தப் படகு உண்டு. அவர் கல்லையும் கடல் தண்ணீரையும் பிளாஸ்டிக் கேன்களில் நிரப்பி, கருவாடு ஏற்றி வரும் லாரியில் மலைக்கு அனுப்பினார். வந்ததில் பாதி வழியிலேயே செத்துப்போனது. மீதிதான் தொட்டியில் இருந்தது.

வீட்டில் இடம் இல்லாமல் இல்லை. ஸ்டுடியோ அறையில் விளக்கு அதிகம், ஜன்னல் அடைத்திருந்ததால் குளிரும் குறைவு. அதனால் தொட்டி அங்கே வந்தது.

தொந்தரவு ஆரம்பித்தது நீலத்தில். கடல் தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்குமாம், ஆழத்துக்குப் போய்ச் சேர்வது நீலம் மட்டுமாம். டீச்சர் படித்தது அது. ஆகவே வெளிச்சம் நீலமாக இருக்கவேண்டும் என்று, பரிசுப்பொருள் சுற்றுகிற நீலக் கண்ணாடித்தாளை வாங்கி ட்யூப் லைட்டுக்குக் கீழே ஒட்டினார். தொட்டி அசல் கடல் மாதிரி ஆகிவிட்டது. படம் எடுக்க வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நானும் இதுதான் சரி என்று நம்பினேன். கண்ணுக்கு அவ்வளவு சரியாக இருந்தது.

கற்கள் மட்டும் கறுத்துக்கொண்டே போயின. பழுப்பு காப்பிக்கொட்டை நிறமாயிற்று. மான் கொம்பின் ஒரு கிளையில் சதை உரிந்து தொங்கியது. பசியாக இருக்கும் என்று டீச்சர் கூனியை அதிகமாகக் கரைத்து விட்டார். தண்ணீர் நாறியது. கல்யாணப் படம் எடுக்க வந்த ஒரு மாப்பிள்ளை, சிரிக்கச் சொன்னபோதெல்லாம் மூக்கைப் பிடித்தார்.

அன்று முதலாளி கழுத்தில் தொங்கிய லைட் மீட்டரைக் கழற்றித் தொட்டிக்கு மேல் பிடித்தார். யார் கையிலும் தராத சாமான் அது. படம் எடுக்கும் முன் முகத்தருகே பிடித்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். தாளோடு ஒரு தடவை, தாளை உரித்துவிட்டு ஒரு தடவை பிடித்தார். உரித்ததும் முள் எகிறியது.

"பாரு. இந்தத் தாளுக்கு நீலத்த உண்டுபண்ணத் தெரியாது. மத்ததத் தடுக்கத்தான் தெரியும். நீ நீலத்தக் கூட்டல, வெளிச்சத்தக் கொறச்சிருக்கற."

"கடல் மாதிரித்தான இருந்துச்சு?" என்றார் டீச்சர்.

"உன்ற கண்ணுக்கு."

டீச்சர் அவரோடு அன்று பேசவில்லை. ஆனால் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டது அவரேதான். எனக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. எனக்கு நீலம் பிடித்திருந்தது.

அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. குன்னூரில் மழை பெய்வதைவிட மூடுபனி வந்து உட்கார்ந்துகொள்வதுதான் அதிகம். சூரியனே தெரியாது. அதோடு கரண்டும் போகும். "குந்தாவுல கரண்டச் செஞ்சு ஊருக்கெல்லாம் அனுப்பறாங்க, பக்கத்துல இருக்கற நமக்கு மெழுகுவத்தி" என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். கரண்டு போனால் காற்று மிஷினும் நின்றுவிடும். சைக்கிள் பம்பின் குழாயைத் தண்ணீரில் விட்டு அவரும் நானும் மாற்றி மாற்றி அடிப்போம். அது வேண்டாத வேலை என்று தினமும் திட்டுவார். ஆனால் பம்பை முதலில் எடுப்பது அவராகத்தான் இருக்கும்.

அப்படி அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அப்பா டவுனுக்கு வந்தவர் என்னைப் பார்க்க உள்ளே வந்தார். தோட்டத்துக் கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்தார். தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னா இது?"

"கடல் தண்ணிப்பா. உள்ள இருக்கிறது உசிரு."

"நாம வந்த கடலு கறுப்பால்ல இருந்திச்சி" என்றார். கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தார். "சில்லுன்னு இருக்கே. பாவம், குளிருமே" என்று கம்பளியைக் கழற்றித் தொட்டியைச் சுற்றிப் போர்த்தினார். அது என்ன உயிர், எதற்கு இங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கம்பளியை விட்டுவிட்டு நனைந்துகொண்டே பஸ் ஏறப் போனார்.

அந்த மழையில் கற்கள் ரொம்ப வாடிப்போயின. மயிர்கள் வெளியே வருவதே இல்லை. குளிரா, இருட்டா, இரண்டுமா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. கடைசியில், எது குறைந்தாலும் சரி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தார். மழை விட்டு கரண்டு நிலையாக வந்ததும், படம் எடுக்கிற பெரிய பல்புகளில் இரண்டைத் தொட்டியின் தலைக்கு மேலேயே இறக்கி வைத்தார். அந்த பல்புக்கு முன்னால் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் நமக்கே நெற்றி வேர்க்கும். கடை திறந்தது முதல் சாத்துவது வரை எரியவிட்டோம். ஆள் படம் எடுக்க வந்தால் ஒரு விளக்கைத் திருப்பிக்கொள்வோம், முடிந்ததும் மறுபடி தொட்டிக்கு.

பலன் உடனே தெரிந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாயிற்று. கற்களின் பழுப்பு நாளுக்கு நாள் இளகியது. அடியிலிருந்து வேறு நிறங்கள் எழும்பி வந்தன. மான் கொம்பின் நுனியில் கத்தரிப்பூ நிறம், உருண்டைக் கல்லில் ஒரு பச்சை. என் கலர்ப் பெட்டியில் இல்லாத நிறங்கள். டீச்சர் தன் வகுப்பு மாணவிகளை வரிசையாக அழைத்து வந்து காட்டினார். உயிரோடு பார்த்தீர்களா என்று கேட்ட பெண்ணும் அதில் இருந்தாள். எனக்கும் அது முதல் தடவையாக அழகாகத் தெரிந்தது. காலையில் கையை எட்ட வைக்காமல் பக்கத்தில் நின்றே சுவிட்சைப் போட்டேன்.

பிறகு அந்த நிறமும் போய் எல்லாம் வெள்ளையாயின. மாவில் செய்து வைத்தது போல சுத்தமான வெள்ளை. முதலாளி, "இப்பத்தான் பளிச்சுனு இருக்குது" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெளியூரில் பரீட்சை வேலைக்குப் போயிருந்த டீச்சர் திரும்பி வந்து பையை இறக்கியவர், இறக்கிய இடத்திலேயே நின்றார். கண் நிறைந்துவிட்டது.

"என்னங்க டீச்சர்? அழகாத்தானே இருக்கு."

"அழகாத்தான் இருக்கும். உள்ள இருந்த செடியெல்லாம் போயிட்டு. சதை கண்ணாடி மாதிரி ஆயிட்டு. நீ பாக்கிறது எலும்பு."

"செத்துருச்சுங்களா?"

"இன்னும் சாகல. பட்டினி."

இருட்டில் வைத்தாலும் பட்டினி, வெளிச்சத்தில் வைத்தாலும் பட்டினி. பழுப்பாக, அசிங்கமாக இருந்ததுதான் சுகமாக இருந்ததா? அழகாக மாறியதெல்லாம் வியாதியா? இத்தனை நாள் நான் படங்களில் பழுப்பு விழுந்த இடங்களைத் தேடித் தேடி அழித்துக்கொண்டிருந்தவள். பல்புகளை உயரே தூக்கி வைத்தோம். வேறு என்ன செய்வதென்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

பள்ளி விடுமுறை விட்டதும் டீச்சர் ஊருக்குக் கிளம்பினார். "நீயும் வா. நெசமான கடல்ல எவ்வளவு வெளிச்சம் இருக்குன்னு அளந்துட்டு வருவோம்" என்றார். முதலாளியின் மீட்டரைக் கேட்டார். அவர் தர மறுத்தார். பஸ் புறப்படும்போது ஸ்டாண்டுக்கே ஓடி வந்து ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தார். "உப்புத் தண்ணி பட்டா போச்சு. அவளை நம்பமாட்டேன், நீ வெச்சுக்க அம்மணி."

தூத்துக்குடியில் அவருடைய அண்ணன் எங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். கப்பலில் வந்தபோது நான் தளத்தில் சுருண்டு படுத்து வாந்தி எடுத்தவள். கடலை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. இப்போதும் படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் என்னிடம் பேச்சுக் கொடுக்க நினைத்திருப்பார் போல, கையை நீட்டி, "அந்தாக்குல நேரே போனா உங்க ஊருதான்" என்றார்.

"எந்த ஊருங்க?" என்றேன்.

நான் குறும்புக்குக் கேட்கவில்லை. அவர் எதைச் சொல்கிறார் என்று அந்த நிமிஷம் எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவர் இன்ஜினைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

ஒரு தீவுக்குப் பக்கத்தில், பார் தெரிகிற இடத்தில் படகை நிறுத்தினார். உச்சி வெயில். மீட்டரை வெளியே எடுத்ததும் முள் கடைசிவரை ஓடி முட்டி நின்றது. உடைந்துவிட்டது என்று பதறினேன். உள்ளங்கையால் மூடியதும் இறங்கியது. டீச்சர் அதை ஒரு அகலமான கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடியை இறுக்கி, படகிலிருந்து குனிந்து கை மூழ்கும் ஆழத்துக்குக் கொண்டுபோனார். தண்ணீர் அவ்வளவு தெளிவு, மேலிருந்தே முள் தெரிந்தது. கொஞ்சம்தான் இறங்கியிருந்தது.

"நம்ம ஸ்டுடியோவுல இருக்கிற எல்லா லைட்டையும் போட்டாலும் இதுல பாதி வராது பிள்ள" என்றார்.

அதற்கும் கீழே, அந்த வெயிலில், எங்கள் மான் கொம்பின் ஜாதி அப்படியே பழுப்பாக, காடு மாதிரி நின்றது. ஒன்றுகூட வெளுக்கவில்லை. பாறை இடுக்கின் நிழலில் கோசு மாதிரியானது, அதுவும் சுகமாகத்தான் இருந்தது. டீச்சர் ஈரக் கையோடு படகில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாம குடுத்தது ஜாஸ்தியே இல்லையே. பின்ன ஏன் வெளுத்துச்சு? பல்போட சூடா? மழையில இருட்டுல கெடந்ததைத் திடீர்னு வெளிச்சத்துல தள்ளினதா? எல்லாத்துக்கும் ஒரே அளவு வெச்சதா?" மீட்டர் இருந்த பாட்டிலை மடியில் வைத்துத் துடைத்தார். "ஒன்னும் சொல்லத் தெரியல. உன் பாஷையில சொன்னா, விளங்கல."

பாடம் நடத்துகிறவருக்கே தெரியவில்லை என்றதும் எனக்கு என்னவோ இலேசாக இருந்தது. படகின் விளிம்பை அப்போதுதான் விட்டேன்.

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தோம். பல்புகளைக் கயிற்றில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார் முதலாளி. சூடு இறங்காமல் இருக்க நடுவில் ஒரு கண்ணாடிப் பலகை, பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன். முதலில் எட்டாத உயரத்தில். வாரத்துக்கு ஒரு விரல்கடை இறக்குவோம். கோசு மாதிரியானதை மான் கொம்புக்குப் பின்னால் நிழலில் நகர்த்தினோம். மத்தியானம் அதிக வெளிச்சம், காலையிலும் மாலையிலும் குறைவு. ராத்திரியில் முழு இருட்டு, அதற்கும் ஓய்வு வேண்டுமாம்.

ரொம்ப நாள் ஒன்றும் நடக்கவில்லை. உருண்டைக் கல் பாசி பிடித்துச் செத்துப்போனது. மான் கொம்பில் பாதி போயிற்று. நான் நம்பிக்கையே விட்டுவிட்டேன். ஒரு சாயங்காலம் டீச்சர் போட்ட சத்தத்தில், கேமராத் துணிக்குள் தலையை விட்டிருந்த முதலாளி துணியோடு ஓடி வந்தார். நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்த ஆள் அப்படியே உட்கார்ந்திருந்தார். மான் கொம்பின் அடியில், கோப்பையில் தேயிலைக் கறை படிந்தது போல, இலேசாக ஒரு பழுப்பு.

"வந்துட்டு! பழுப்பு வந்துட்டு!"

நாற்காலியில் இருந்தவரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "இதுங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பழுப்பு மெள்ள மேலே ஏறியது. நன்றாகத் தேறிய பிறகு முதலாளி அதையும் கோசு மாதிரியானதையும் சேர்த்துக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பெரிதாகப் போட்டு, கலர் போட என்னிடம் கொடுத்தார். நான் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ட்யூப் லைட்டில் அது பச்சை கலந்த பழுப்பு. பெரிய பல்பில் மஞ்சள் கலந்த பழுப்பு. கதவைத் திறந்து வெயில் விட்டால் நுனியில் கத்தரிப்பூ நிறம் தெரியும். நீலத்தாளில் பார்த்த நிறமும் எனக்கு மறக்கவில்லை.

"எந்தக் கலருங்க டீச்சர் போடுறது?"

"நீ பாத்த கலரைப் போடு."

"எல்லாக் கலரும் பாத்தேனே."

அவர் யோசித்துவிட்டு, "அப்ப உன் இஷ்டம்" என்றார். ஒரு வாரம் வைத்திருந்து எதையோ போட்டேன். சரியா என்று இன்றைக்கும் தெரியாது. முதலாளி அதைக் கடையின் முன்கண்ணாடியில் மாட்டினார். பிக்கட்டிப் பக்கத்திலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த விவசாயி ஒருவர் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஏனுங்க, அந்தப் பூக்கோசுக்கு என்ன நோவுங்க?"

"அது கோசு இல்லீங்க, கல்லு" என்றார் முதலாளி.

"கல்லுக்கு எதுக்குங்க போட்டோ?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் அவரை உள்ளே கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்டி, வெளிச்சம், செடி, பூச்சி எல்லாவற்றையும் சொன்னார். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "சரிங்க" என்று கிளம்பினார். வாசலில் நின்று மறுபடி படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

தொட்டி அதற்குப் பிறகும் நன்றாகத்தான் இருந்தது. அடுத்து வந்த ஒரு பெருமழையில் ரோடு சரிந்து, கம்பங்கள் சாய்ந்து, ஊருக்கே நாள்கணக்கில் கரண்டு இல்லை. சைக்கிள் பம்பு, கம்பளி, வெந்நீர் பாட்டில் எல்லாம் செய்து பார்த்தோம். கரண்டு வந்தபோது உள்ளே எதுவும் உயிரோடு இல்லை. டீச்சர் அழவில்லை. அண்ணனுக்கு மறுபடி சொல்லியனுப்பவும் இல்லை. "போதும். பாத்துட்டேன்" என்றார். முதலாளி தொட்டியைக் கழுவி, படங்களை அலசுவதற்கு வைத்துக்கொண்டார். விளக்குகள் முழுதாக மனிதர்களுக்கே திரும்பின.

எலும்பாகிவிட்ட கற்களில் கோசு மாதிரி இருந்ததை டீச்சர் எனக்குக் கொடுத்தார். வெள்ளையாக, சொரசொரவென்று இருந்தது. வீட்டில் ஜன்னலில் வைத்தேன். கொஞ்ச நாளில் எனக்குக் கோயம்புத்தூரில் மாப்பிள்ளை நிச்சயமாயிற்று. அந்த அவசரத்தில் அது ஜன்னலில் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

நிச்சயம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியும் டீச்சரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா முதலாளியோடு வெளியே நின்றுகொண்டார். டீச்சர் உள்ளே உட்கார்ந்து டீ குடித்தபடி, "கல்ல எங்க பிள்ள வெச்சிருக்க?" என்று கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். காணோம். அம்மாவைப் பார்த்தேன்.

"குளிக்கிற இடத்தில இருக்கு" என்றார் அம்மா. "ரொம்ப நல்ல கல்லுங்கம்மா. எங்க கெடச்சிச்சி? கொழுந்துக்காட்டு ஈரத்தில எனக்குக் குதிகாலெல்லாம் பாளம் பாளமா வெடிச்சிருந்திச்சி. அதில தேச்சதும் எல்லாம் போயிருச்சி, பாருங்க" என்று காலைத் தூக்கிக் காட்டவும் செய்தார்.

எதை எங்கிருந்து சொல்லி அம்மாவுக்குப் புரியவைப்பது? டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தார். அம்மாவும் காரணம் தெரியாமல் கூடச் சிரித்தார்.

சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சர் தன் காலைப் பார்த்தார். "எனக்கும் இந்தக் குளிர்ல ஒரே வெடிப்புங்கம்மா" என்றார்.

அம்மா உடனே எழுந்து அடுப்பில் வெந்நீர் வைத்தார். பின்பக்கம் ஒரு பலகையைப் போட்டு டீச்சரை உட்கார வைத்தார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். டீச்சர் கல்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு குதிகாலில் வைத்து அழுத்தினார்.

"மெதுவாத் தேய்ங்கம்மா" என்றார் அம்மா, "அழுத்தினா ரத்தம் வந்துரும்."